ஓரிடத்தில் உட்காராத பிள்ளை



உங்கள் பிள்ளையின் பள்ளி டைரியைச் சற்றே எடுத்துப் பாருங்கள். "வகுப்பில் உட்காருவதில்லை", "எழுதியதை முடிக்கவில்லை", "நோட்டு கொண்டுவரவில்லை", "அருகிலுள்ள பிள்ளைகளைத் தொந்தரவு செய்கிறான்" என்று வாரத்துக்கு நாலைந்து குறிப்புகள் சிவப்பு மையில் இருக்கின்றனவா? பேரண்ட்ஸ் மீட்டிங் நாள் நெருங்கும்போது உங்கள் வயிறு கலங்குகிறதா? மற்றப் பெற்றோர் மதிப்பெண்களைக் குறித்து மகிழ்ச்சியாய்ப் பேசிக்கொண்டு நிற்க, நீங்கள் மாத்திரம் தலைகுனிந்து டீச்சர் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது.

சொந்த ஊரை விட்டு மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் சூரத்துக்கும் வந்த நம்மில் அநேகருக்கு நிலமோ வீடோ இல்லை. பிள்ளையின் படிப்பே நாம் சேர்க்கும் ஆஸ்தி. அந்தப் படிப்பில் பிள்ளை தடுமாறும்போது குடும்பம் முழுவதும் தடுமாறுகிறது. கணவன் மனைவியைக் குறை சொல்லுகிறான். மனைவி இரவில் யாருக்கும் தெரியாமல் அழுகிறாள். பிள்ளையோ, "நான் கெட்ட பையன்" என்று தன்னைக் குறித்துத் தீர்மானித்துக்கொள்ளுகிறது. இம்மூன்றில் கடைசியானதே மிகவும் ஆபத்தானது.

மும்பையில் இருபத்தாறு ஆண்டுகளாகச் சபை ஊழியம் செய்து வருகிறேன். என் இளைய மகனும் இப்படிப்பட்ட பிள்ளையே. அவனுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். 2014-ஆம் ஆண்டு டிசம்பரில், அவன் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, "வருடக் கடைசியில் எல்.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பாருங்கள்" என்று பள்ளியில் எங்களிடம் சொல்லிவிட்டார்கள். அப்போது அவனுக்கு எட்டு வயது. எங்கள் கையில் இருந்தவை நான்கு மாதங்கள். அதே மாதத்தில்தான் அவனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தார்.

இது என்ன?

ஏ.டி.எச்.டி. என்பதைத் தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்பார்கள். கவனம் ஒன்றில் நிலைத்திராமை, ஓயாத துறுதுறுப்பு, யோசிக்கும் முன்னே செய்துவிடும் அவசரம் ஆகியவையே இதன் அடையாளங்கள். உலக அளவில் ஏறத்தாழ நூறு பிள்ளைகளில் ஐவருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. அப்படியானால் அறுபது பேர் படிக்கும் வகுப்பு ஒன்றில் இப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கக்கூடும்.

"எல்லாம் இந்த மொபைலால் வந்த வினை" என்று சிலர் சொல்வார்கள். 1902-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், அறிவில் குறைவில்லாதிருந்தும் தங்களை அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி லண்டனில் விரிவுரைகள் ஆற்றினார். அன்றைக்கு மொபைலும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. மொபைலை அளவோடு வைப்பது நல்லதுதான். ஆனாலும் இக்குறைபாட்டின் வேர் அங்கே இல்லை. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுவதால் பிள்ளை குழம்பிப்போனான் என்பாரும் உண்டு. பல மொழிகள் பேசுவதால் ஏ.டி.எச்.டி. வருவதில்லை. ஆகையால் இதன்பொருட்டு வீட்டில் தமிழை நிறுத்திவிட வேண்டாம்.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. இதில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தச் சுபாவம் உண்டா?" என்று மருத்துவர் கேட்டபோது என் மனைவி வாய் திறவாமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அன்றிரவு ஊரிலிருந்து போனில் பேசிய என் தாயார், "உன்னை விடவா அவன்? ரெண்டாம் வகுப்பு முடியுமுன்னே நீ மூணு சிலேட்டு உடைச்சவன்லா" என்றார்கள். இதை நான் சிரிப்புக்காக மாத்திரம் எழுதவில்லை. தாயின் வளர்ப்பு சரியில்லை என்று நம் வீடுகளில் எத்தனையோ சகோதரிகள் குற்றம் சாட்டப்படுகிறார்கள். பிறவியிலேயே அமைந்த ஒன்றுக்குத் தாயைக் குற்றப்படுத்துவது நியாயமல்ல.

ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவர் பெற்றோரிடம் விசாரிப்பார், பள்ளியில் நிரப்பித் தரும்படி ஒரு படிவம் கொடுப்பார், பிள்ளையையும் கவனிப்பார். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட வரையறையின்படி, கவனக்குறைவுக்கு ஒன்பது அடையாளங்களும் துறுதுறுப்பு மற்றும் அவசரத்துக்கு ஒன்பது அடையாளங்களும் உண்டு. பிள்ளைகளைப் பொறுத்தவரை, ஏதேனும் ஒரு வரிசையில் ஆறாவது இருக்க வேண்டும். அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சிலவேனும் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் காணப்பட வேண்டும். பள்ளியில் மாத்திரம் தொல்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம். கண் சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா, போதிய தூக்கம் இருக்கிறதா, எழுத்துக்களைக் கூட்டி வாசிப்பதில் தனியாக ஏதேனும் குறை உண்டா என்பதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும்.

பெண்பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். எங்கள் சபையில் ஒரு சிறுமி இருந்தாள். யாரையும் தொந்தரவு செய்யமாட்டாள். ஜன்னலைப் பார்த்தபடியே அமைதியாய் உட்கார்ந்திருப்பாள். பள்ளியிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. ஏழாம் வகுப்புவரை வீட்டில் அவளுக்கு இருந்த பெயர் "சோம்பேறி". துறுதுறுப்பு இல்லாமல் கவனக்குறைவு மாத்திரம் உள்ள பிள்ளைகள் இப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள்.

தெரியும், ஆனாலும் செய்ய முடியவில்லை

இப்போது நான் சொல்லப்போவதே இந்தக் கட்டுரையின் சாரம். தயவுசெய்து நிதானமாய் வாசியுங்கள்.

"பையை எங்கே வைக்க வேண்டும்?" என்று என் மகனைக் கேட்டால் சரியாகச் சொல்லுவான். "டீச்சர் பேசும்போது என்ன செய்ய வேண்டும்?" என்றாலும் சரியாகச் சொல்லுவான். ஆனால் அந்த நேரம் வரும்போது அவன் அறிந்தது அவன் கைக்கு எட்டாது. இது தெரியாமையால் வரும் குறையன்று என்றும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடியாமையே என்றும் ரசல் பார்க்லி என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் பல்லாண்டுகளாக விளக்கி வந்திருக்கிறார்.

பிரசங்கம் செய்வது என் ஊழியம். வார்த்தைக்கு வல்லமை உண்டென்று நம்புகிறவன் நான். ஆகிலும் உங்களுக்குச் சொல்லுகிறேன், இந்தப் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் உதவாது. இரவு ஒன்பது மணிக்கு அரைமணி நேரம் நாம் கொடுக்கும் புத்திமதி அடுத்த நாள் காலை பத்து மணிக்குக் கணக்கு வகுப்பில் பிள்ளைக்கு வந்து சேராது. பிள்ளை தடுமாறும் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே, கண்ணுக்குத் தெரியும்படியாகவும் கையில் பிடிக்கும்படியாகவும் உதவி இருக்க வேண்டும். நினைவூட்டல் சுவரில் இருக்கட்டும். நேரம் கண்ணெதிரே ஓடட்டும். வெகுமதி அன்றைக்கே கிடைக்கட்டும்.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்று எங்களுக்கு மிகுந்த ஆறுதல் தந்தது. மூளையின் மேற்புறணி முழு தடிமனை அடைவது மற்றப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏழரை வயதில் நிகழ, ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்குப் பத்தரை வயதில் நிகழ்ந்தது. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை. ஏறக்குறைய மூன்றாண்டு தாமதம் இருந்தது. ஆகவே உங்கள் ஒன்பது வயது மகன் கேள்விகளில் ஒன்பது வயதுக்காரனாக இருந்தும், தன்னைத்தானே நடத்திக்கொள்ளுவதில் ஆறேழு வயதுப் பிள்ளையைப்போல் இருக்கக்கூடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு நாம் எவ்வளவு அருகில் நின்று உதவுவோமோ, அவ்வளவு அருகில் அவனுக்கும் நிற்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, காலைநேரம். பழைய காலண்டரின் பின்புறத்தில் என் மனைவி நான்கு படங்கள் வரைந்தாள்: பல்துலக்கும் பிரஷ், சட்டை, டிபன் டப்பா, பை. அதைக் கதவருகே அவன் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டோம். ஒவ்வொன்றையும் முடித்தவுடன் துணி காயப்போடும் கிளிப்பை ஒரு படி கீழே இறக்குவான். முன்பெல்லாம் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருபது தடவை கத்திக்கொண்டிருந்தவள், அதன்பின் "கிளிப் எங்கே நிற்கிறது?" என்று மாத்திரம் கேட்பாள்.

இரண்டாவது, வீட்டுப்பாடம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் குடியிருக்கிறவர்கள் தனிப் படிப்பறைக்கு எங்கே போவது? பரணுக்கு ஏறும் ஏணியின் கீழே, சுவரைப் பார்த்தபடி ஒரு பலகை போட்டோம். பலகைமேல் ஒரு நேரத்தில் ஒரே நோட்டு, ஒரே பென்சில். சமையலறை டைமரைப் பத்து நிமிடத்துக்குத் திருப்பிவைப்போம். மணி அடித்தவுடன் மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கி வருவான்; மறுபடியும் பத்து நிமிடம். இப்படி நான்கு சுற்று. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் ஒரு பக்கம்கூட முடியாது. நான்கு பத்து நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, சொல்லும் விதம். "சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி, ஹோம்வொர்க்கை எடு" என்று சொன்னால் மூன்றில் ஒன்றுதான் அவனிடம் தங்கும். அடுத்த அறையிலிருந்து கூப்பிடாமல் அருகே போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். அவனைத் திரும்பச் சொல்லவையுங்கள். அது முடிந்தபின் அடுத்தது.

நான்காவது, வெகுமதி. "முழுப்பரீட்சையில் பாஸானால் சைக்கிள்" என்று நாம் வாக்குக் கொடுக்கிறோம். இந்தப் பிள்ளைக்கு ஏப்ரல் மாதம் என்பது பரலோகத்தைப்போல் தூரமானது. இன்றைய உழைப்புக்கு இன்றிரவே சிறியதாய் ஒன்று வேண்டும். எங்கள் வீட்டில் அது அப்பாவோடு ஓர் ஆட்டம் கேரம். செலவில்லாதது, அவனுக்கு அதைவிடப் பிரியமானதும் வேறொன்றில்லை.

ஐந்தாவது, பை. எல்லாத் தாள்களும் ஒரே பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கட்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு வேறு நிற அட்டை போடுங்கள். பையை இரவிலேயே, பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, பிள்ளையே அடுக்கட்டும்.

ஆறாவது, தூக்கமும் விளையாட்டும். சூரைச்செடியின் கீழே சோர்ந்து படுத்த எலியாவுக்கு முதலாவது கிடைத்தவை நித்திரையும் அடையும் தண்ணீரும். கேள்வி அதன்பின்தான் வந்தது. தூக்கம் குறைந்த பிள்ளையிடம் கவனத்தை எதிர்பார்க்க முடியாது. மதிப்பெண் குறைந்ததென்று விளையாட்டை நிறுத்துவதும் வேண்டாம். ஓடியாடிய பிள்ளைதான் பிறகு உட்காருவான்.

பிரம்பைக் குறித்துக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நீதிமொழிகளில் அது சொல்லப்பட்டிருக்கிறதே என்று எங்களையும் பலர் கேட்டார்கள். தெரிந்தே எதிர்த்து நிற்கும் பிள்ளைக்கும், கேட்டதை ஒரு நிமிடத்துக்குள் தவறவிடும் பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு. நடக்க இயலாத காலை அடித்து நடக்கவைக்க யாரும் முயலுவதில்லை. அடிவாங்கும் பிள்ளை கற்றுக்கொள்வதெல்லாம் டைரியில் டீச்சர் எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போடுவதையே. சிட்சை அவசியமாகும் வேளையில் அது உடனே வரட்டும், சிறியதாக இருக்கட்டும், கோபமில்லாமல் நடக்கட்டும். ஓர் ஆட்டம் கேரம் இல்லை என்பதே என் மகனுக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

பள்ளியில் கேட்கவேண்டியவை

பள்ளிக்குப் போகும்போது சண்டைக்குப் போகாதீர்கள், மன்றாடவும் வேண்டாம். என் மகனுடைய வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். அத்தனை பேரையும் ஒரு டீச்சர் சமாளிப்பது எவ்வளவு பெரிய பாரம்! மருத்துவர் கொடுத்த கடிதத்தையும், அரைத்தாளில் மூன்றே மூன்று விண்ணப்பங்களையும் நான் எடுத்துக்கொண்டு போனேன்.

அவனை ஜன்னலுக்கும் கதவுக்கும் தூரமாக, முதல் பெஞ்சில், அமைதியான பிள்ளை ஒருவன் அருகே உட்காரவைக்க வேண்டும் என்பது முதல் விண்ணப்பம். பாடத்தின் நடுவே பலகை துடைப்பது, நோட்டுகளைப் பகிர்ந்து கொடுப்பது போன்ற வேலைகளை அவனுக்குத் தர வேண்டும் என்பது இரண்டாவது. எப்படியும் எழுந்து நடமாடப்போகிறவன், டீச்சரின் அனுமதியோடே நடமாடட்டும் என்பதுதான் இதன் கருத்து. மூன்றாவது, ஒரு சிறு அட்டை. "சொன்னவுடன் நோட்டை எடுத்தான், பலகையில் உள்ளதில் பாதிக்குமேல் எழுதினான், கை தூக்கிவிட்டுப் பேசினான்" என்று அதில் மூன்று வரிகள். ரிசஸுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, செய்திருந்தால் ஒரு டிக். திட்டி எழுதத் தேவையில்லை. டீச்சருக்கு ஒரு நாளைக்கு ஒரு நிமிட வேலை.

ஒரு நாளைக்கு ஆறு டிக், வாரத்துக்கு முப்பது. முதல் வாரம் அவன் வாங்கியது ஒன்பது. "அடுத்த வாரம் இருபத்தைந்து வாங்க வேண்டும்" என்று சொல்ல நாக்கு துடித்தது. மருத்துவர் முன்னமே எங்களை எச்சரித்திருந்தார்: இலக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆகவே பத்து என்று வைத்தோம். பதினொன்று வாங்கிக்கொண்டு, படியேறும்போதே, "அப்பா, பதினொண்ணு!" என்று கத்திக்கொண்டு வந்தான். பள்ளியிலிருந்து அவன் சந்தோஷமாய் வந்ததை அந்த வருடத்தில் அன்றுதான் பார்த்தோம். மார்ச் முடிவில் இருபத்திரண்டை எட்டினான். ஏப்ரலில் எல்.சி.யைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்காம் வகுப்புப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது.

சட்டத்தையும் அறிந்து வைத்திருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாதென்கிறது. ஆயினும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாதென்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் பிள்ளையின் பள்ளி எந்த வகையைச் சேர்ந்ததென்று அறிந்து பேசுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது சகஜம். எனவே வாசிப்பிலும் எழுத்திலும் மிகுந்த தடுமாற்றம் இருந்தால், எட்டு வயதுக்குப்பின் அரசு மருத்துவமனையில் சோதித்துச் சான்றிதழ் பெறுங்கள். தகுதியுள்ள பிள்ளைகளுக்கு சி.பி.எஸ்.இ. தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும். மற்ற வாரியங்களுக்கு அவரவர் விதிகள் உண்டு. பத்தாம் வகுப்புவரை காத்திராமல் எட்டாம் வகுப்பிலேயே பள்ளியில் விசாரியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே டீச்சரிடமிருந்து பாடத்துக்கு ஒரு டீச்சர் என்று மாறும் வகுப்பில், நீங்கள் கட்டியதெல்லாம் சரிந்ததுபோல் தோன்றும். எங்களுக்கு ஆறாம் வகுப்பில் அப்படி ஆயிற்று. சோர்ந்துபோகாதீர்கள். வகுப்பாசிரியரைப் பார்த்து அட்டையை மறுபடியும் தொடங்குங்கள்.

மாத்திரையும் ஜெபமும்

நாங்கள் ஜெபித்தோமா என்று கேட்பீர்கள். ஜெபித்தோம், இன்றும் ஜெபிக்கிறோம். "பாஸ்டர் ஐயா, இது பிசாசின் கிரியை, உபவாசமிருந்து துரத்த வேண்டும்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொன்ன பதில், "அவனுக்காக ஜெபியுங்கள், ஆனால் இந்த வார்த்தையை அவன் காதுபடச் சொல்லாதேயுங்கள்" என்பதே. தனக்குள் பிசாசு இருக்கிறதென்று எட்டு வயதில் நம்பிவிட்ட பிள்ளைக்கு அந்தப் பயத்தைப் பிறகு எடுத்துப்போடுவது எளிதன்று.

மருந்து எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலாவது பெற்றோருக்கான பயிற்சியையே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில், தேவையானால், மெத்தில்பெனிடேட், அடோமாக்செடின் போன்ற மருந்துகளை மருத்துவர் சிறிய அளவில் தொடங்குவார். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். ஆகையால் எடை, உயரம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றை அவ்வப்போது பார்ப்பார்கள். என் மகனுக்கு மதிய டிபன் அப்படியே திரும்பி வரும். அதனால் காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும் நன்றாய்ச் சாப்பிடக் கொடுத்தோம். மாத்திரை வாய்ப்பாட்டைக் கற்றுத் தராது. கற்றுக்கொள்ளும்படி அவனைச் சற்று நேரம் நிற்கவைக்கும். அந்த நேரத்தைப் பயன்படுத்துவது நம் வேலை. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்குவதும், கூட்டத்தில் சாட்சி கேட்டுவிட்டுத் தாங்களாகவே நிறுத்துவதும் கூடவே கூடாது. பவுலோடு பிரயாணம் செய்த லூக்கா வைத்தியன் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மருந்து கொடுக்கிற தாயின் விசுவாசத்தை யாரும் அளக்கத் துணிய வேண்டாம்.

எங்கே போவது? மும்பையில் சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளிலும், பெங்களூரில் நிமான்ஸிலும், டெல்லியில் எய்ம்ஸிலும் இப்பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலோ குழந்தைகள் பிரிவிலோ கேளுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாய் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். கூட்டம் அதிகம், ஒரு நாள் கூலி போகும், இரண்டு மூன்று முறை அலையவேண்டியிருக்கும். இருந்தாலும் போங்கள்.

சபையாருக்கு ஒரு வார்த்தை

நம்முடைய ஆராதனை மூன்று மணி நேரம் நடக்கிறது. பெரியவர்களே நடுவில் எழுந்து போகும்போது, இந்தப் பிள்ளை மாத்திரம் அசையாமலிருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கலாமா? பின்னால் திரும்பி முறைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முகமும் அந்தத் தாயைச் சபையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே தள்ளுகிறது. அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். பாட்டுப்புத்தகம் எடுத்துக் கொடுக்கட்டும், பாய் விரிக்கட்டும், கஞ்சிரா தட்டட்டும். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்தை நின்றுகொண்டு சொல்ல அனுமதியுங்கள். அந்தத் தாய் ஒரு மணி நேரம் நிம்மதியாய் ஆராதிக்கும்படி, ஒரு சகோதரி அவனைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

என் மகனைப் பற்றிக் கேட்பீர்கள். 2022-இல் பத்தாம் வகுப்பில் 58 சதவீதம் வாங்கித் தேறினான். அந்தத் தாளை என் மனைவி வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறாள். பின்பு ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பை முடித்து, இப்போது லிஃப்ட் பராமரிக்கும் வேலை பார்க்கிறான். நாள் முழுவதும் கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்கும் வேலை. ஓரிடத்தில் உட்காரவேண்டிய அவசியமில்லை. ரயில் பாஸை இன்னமும் தொலைக்கிறான். கருவிப்பையின் உள்மூடியில் மாத்திரம், எடுத்துவரவேண்டிய கருவிகளின் படங்களைத் தானே வரைந்து ஒட்டியிருக்கிறான். காலண்டரின் பின்புறத்தில் அவன் தாய் வரைந்ததை அவன் மறக்கவில்லை.

உங்கள் பிள்ளை முதல் ரேங்க் வாங்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பள்ளியை வெறுக்காமல், தன்னை வெறுக்காமல், ஒரு தொழிலைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளை வெளியே வர முடியும். அதற்கு நீங்கள் இன்றிரவே எல்லாவற்றையும் தொடங்க வேண்டியதில்லை. நாளைக் காலைக்கு நான்கு படங்கள் வரைந்து கதவருகே தொங்கவிடுங்கள். இந்த வாரத்தில் டீச்சரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். இந்த மாதத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். இன்று பிள்ளை தூங்கப்போகுமுன், அது சரியாய்ச் செய்த ஒரு காரியத்தை, எவ்வளவு சிறியதானாலும், பெயர் சொல்லி மெச்சிக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்கள் வீட்டிலும் உங்கள் பிள்ளையின் வகுப்பறையிலும் சமாதானம் அருளுவாராக. ஆமென்.